ஒக்கூருக்குப் போய்வந்த மூவர்

6

“ஒக்கூர்னு சொன்னதும் சிரிச்சா, மேடம். விஷம் வச்ச கேஸ்ல உட்கார்ந்துக்கிட்டுச் சிரிக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

இன்ஸ்பெக்டர் பெரியகருப்பன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே நாற்காலியின் நுனியில் ஞானபூரணி உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துப் பழகி, பிறகு காரைக்குடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற முத்துக்கண்ணன் அவளுடைய உதவியாளன். துப்புத் துலக்குவதைவிட வாயைத் திறப்பதில்தான் அவனுக்கு ஆர்வம் என்று அவளே வருகிறவர்களிடம் சொல்லிவிடுவாள்.

ஓரத்துப் பெஞ்சில் கருப்பி. சேலைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை. வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். சட்டையெங்கும் மிளகாய்த்தூள். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தும்மித் தும்மியே களைத்துப் போயிருந்தார்.

“விஷயத்தை முதல்லேருந்து சொல்லுங்க சார்” என்றாள் ஞானபூரணி.

“மானகிரி மசாலா கம்பெனி. பத்து நாளைக்குள்ள மூணு பொம்பளைக மயங்கி விழுந்திருக்காக. வாந்தி, மூச்சுத் திணறல். ரெண்டு பேர் பொழைச்சு வீட்டுக்குப் போயிட்டாக. மூணாவது பொண்ணு பெல்சி, வியாழக்கிழமை விழுந்தவ, ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்கா. அதே கம்பெனியில அத்தனை ஆம்பளைக வேலை பார்க்குறானுக. ஒருத்தனுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஏன்? ஆம்பளைகளுக்கு ஒரு தண்ணிப் பானை, பொம்பளைகளுக்கு ஒரு பானை. பொம்பளைக பானைக்குத் தண்ணி ஊத்துறது இவ.”

“தண்ணியில விஷம் இருந்துச்சா?”

“மதுரைக்கு அனுப்பியிருக்கோம். வரும்.”

“இன்னும் வரலை.”

“வரும்மா. அதுக்குள்ள இன்னொண்ணு வந்துருச்சுல்ல? பெல்சி நினைவு தப்புறதுக்கு முன்னால சொன்னா: ஒக்கூருக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான் இப்படி இருக்குன்னு. கருப்பிக்குப் பொறந்த ஊர் ஒக்கூர். இவ தம்பி சோணைமுத்து வீட்டுல தேடினோம். பூச்சிமருந்து டின் கிடைச்சது.”

“விவசாயி வீட்டுல பூச்சிமருந்தா!” என்றான் முத்துக்கண்ணன். “ஸ்டேஷன்ல லத்தி இருக்குற மாதிரியில்ல சார் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்காமலே தொடர்ந்தார். “பொழைச்ச ரெண்டு பேரையும் ஒக்கூர் போனீகளான்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டாளுக. மிரட்டி வச்சிருக்கா. போன மாசம் இவளுக்கும் பெல்சிக்கும் வாய்ச்சண்டை வேற. சாயந்தரம் மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துறேன். அப்புறம் மதுரை ஜெயில்தான்.”

வெளியே வேப்பமரத்தடியில் கருப்பியின் புருஷன் மலையாண்டி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். குழந்தை பசியில் கத்தும்போதெல்லாம் கருப்பியின் தோள் அசைந்தது. காலையில் அவன்தான் ஞானபூரணியைத் தேடி வந்தவன். சாயந்தரத்துக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு ராத்திரி தாய்ப்பால் இல்லை.

ஞானபூரணி பெஞ்சுக்குப் போனாள். “கருப்பி, ஒக்கூர்ல என்ன நடந்துச்சு?”

கருப்பி நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். கான்ஸ்டபிளைப் பார்த்தாள். முத்துக்கண்ணனைப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“ஒண்ணுமில்லைம்மா.”

அது பயம் என்று ஞானபூரணி நினைத்தாள். அன்று அவள் செய்த தப்பு அது.

*

ஸ்கூட்டர் மானகிரிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. முத்துக்கண்ணன் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தான்.

“பெல்சி துணியில பூண்டு வாடை அடிச்சுச்சாம்க்கா. நர்ஸம்மா மூக்கைச் சுளிச்சாக. மசாலா கம்பெனியில வேலை பார்க்குற பொண்ணு பின்ன மல்லிகைப்பூவாவா மணக்கும்னு கேட்டேன்.”

“அவுக என்ன சொன்னாக?”

“வெளியே போகச் சொன்னாக.”

சாலையோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். “டீ சொல்லவா?”

“வேண்டாம்.”

“தண்ணியாச்சும் குடிங்க. காலையிலேருந்து ஒரு மடக்குக் குடிக்கலை நீங்க. இந்த வெயில்ல ஒட்டகமே உங்ககிட்ட யோசனை கேட்டுப் போகும்.”

“வேண்டாம்டா. சீக்கிரம் வா.”

அவன் கடைக்குப் பின்னாலிருந்த குட்டிச்சுவரை நோக்கி நடந்தான். ஞானபூரணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, ஒரே மூச்சில் டீயையும் குடித்துவிட்டு வண்டியை உதைத்தான்.

*

கம்பெனி ஒரு பழைய வீட்டில் நடந்தது. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்சுவர் அடுத்த தெருவைத் தொடும், அப்படி ஒரு நீளம். வீட்டுக்காரர்கள் சென்னையோடு போய்விட, முதல் கட்டில் அரவை மெஷின்களும், இரண்டாம் கட்டு முற்றத்தைச் சுற்றிப் பெண்களும் இருந்தார்கள். மானேஜர் மாயக்கண்ணன் வாசல்வரை வந்து கூட்டிப் போனார். நெற்றியில் விபூதி, கையில் சாவிக்கொத்து, பேச்சில் தேன்.

“போலீஸ்காரகதான் பிடிச்சுட்டாகளேம்மா, இன்னும் எதுக்கு உங்களுக்கு அலைச்சல்? பானையைக் காட்டிக் கொடுத்ததே நான்தான்.”

“உங்க கேட் எப்பத் திறக்கும்?”

“காலையில ஆள் வந்ததும் பூட்டுவோம். சாயந்தரம்தான் திறப்போம். நடுவுல ஒரு ஈ வெளியே போகாது.”

“ஒக்கூர் போய்வர அரை நாள் ஆகும். மூணு பேரும் எப்பப் போனாக?”

“ஞாயித்துக்கிழமை போயிருப்பாளுக.”

“ஞாயித்துக்கிழமை குடிச்ச விஷம் வியாழக்கிழமை வரைக்கும் பஸ்ஸுக்கா நின்னுச்சு?” என்றான் முத்துக்கண்ணன்.

மாயக்கண்ணன் சிரித்து வைத்தார்.

அரவை அறையில் ஆண்கள் மூக்குக்கு மூடி, கைக்கு உறை எல்லாம் போட்டிருந்தார்கள். முற்றத்தில் பெண்கள் சம்மணமிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மேலும் யாரோ ஓர் ஆணின் பழைய சட்டை. தூணில் அடித்த ஆணியில் தோல் கையுறைகள் தூசி படிந்து தொங்கின.

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வாங்கிப் போட்டோம். ஆம்பளைக போடுறாக. இவளுக போட மாட்டேங்கிறாளுக. சொன்னாக் கேட்டாத்தானே!” என்றார் மாயக்கண்ணன்.

ஞானபூரணி ஒன்றை எடுத்துக் கையில் மாட்டினாள். கையைத் தொங்கவிட்டாள். உறை நழுவித் தரையில் விழுந்தது.

“மிளகாய் கிள்ளுறதுக்கு ஆகாது. தயிர் உறை ஊத்தி வைக்கலாம்” என்று முணுமுணுத்தான் முத்துக்கண்ணன்.

“இங்க என்னென்ன அரைக்கிறீக?”

“மிளகாய், மல்லி, மஞ்சள்.”

“பூண்டு?”

“பூண்டுக்கு இங்க என்ன வேலைம்மா? ஊறுகாய்க் கம்பெனிக்காரன் வாங்குவான்.”

முத்துக்கண்ணனும் ஞானபூரணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

தூணோரம் பெண்களின் பானை இருந்தது. போலீஸ் கொண்டுபோனதற்குப் பதிலாக வைத்த புதுப்பானை. ஞானபூரணி தட்டைத் தூக்கினாள். உச்சிவெயில் சாய்ந்துவிட்ட நேரத்திலும் தண்ணீர் கழுத்துவரை நின்றது. கவிழ்த்து வைத்திருந்த டம்ளரின் மேல் மிளகாய்த்தூள் சிவப்பாகப் படிந்திருந்தது. அந்தப் பக்கம், ஆண்களின் பானைக்கு யாரோ குடத்தால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“பயந்துக்கிட்டுக் குடிக்கலையா?” என்று அருகில் இருந்த பெண்ணைக் கேட்டாள். ஒடிசலான இளம்பெண். கழுத்தில் சிலுவை கோத்த கயிறு. பெயர் மரிய அனிதா என்றாள்.

“முன்னாலயும் குடிக்க மாட்டோம்க்கா. உதட்டை நனைச்சுக்குவோம், அம்புட்டுத்தான்.”

“இந்தக் காரத்துலயா? ஏன்?”

அனிதா மானேஜரைப் பார்த்தாள். “பழகிருச்சுக்கா.”

“அதிசயப் பிறவிகம்மா” என்றார் மாயக்கண்ணன். “பொம்பளைகளுக்குத் தாகமே எடுக்காது.”

ஞானபூரணி பானைக்கு எதிரிலேயே நின்றாள். குடிக்காத தண்ணீரில் விஷம் வைத்து யாரைக் கொல்வது? அப்படியானால் கருப்பி இல்லை. பானையும் இல்லை. ஆனால் ஆண்களைத் தொடாமல் பெண்களை மட்டும் தேடிப் பிடிக்கும் விஷம் எது? அவளுடைய தொண்டை வறண்டு ஒட்டியது. எச்சில் விழுங்கினாள். அப்போதுதான் அது உறைத்தது. தானும் இன்று குடிக்கவில்லை. வெளிவேலைக்குக் கிளம்பும் எந்த நாளிலும் குடிப்பதில்லை. போகிற ஊரில் எங்கே போவது என்று தெரியாதே. முத்துக்கண்ணனுக்கு ஊரெல்லாம் சுவர் இருந்தது.

மானேஜரை ஓரமாகக் கூப்பிட்டாள். “பொம்பளைகளுக்குக் கக்கூஸ் எங்க இருக்கு?”

மாயக்கண்ணனின் காது சிவந்தது. “ஆபீஸ் ரூம்ல ஒண்ணு இருக்கு. அது எனக்கும் முதலாளிக்கும். ஆம்பளைக மதில் பக்கம் போயிருவாக.”

“பொம்பளைக?”

“அவுக... கேட்டதே இல்லைம்மா.”

“கேட்கலைன்னா போகலைன்னு அர்த்தமா?”

ஞானபூரணி பெண்களிடம் திரும்பினாள். அனிதா உட்கார்ந்திருந்த இடத்தில் காம்பு கிள்ளிய மிளகாய்க் குவியல் மட்டும் இருந்தது.

“இங்க இருந்த பொண்ணு எங்க?”

பக்கத்திலிருந்தவள் வாய்தவறிச் சொன்னாள்: “ஒக்கூருக்குப் போயிருக்கு.”

இன்னொருத்தி அவள் தொடையில் கிள்ளினாள். வரிசை முழுக்க ஒரு சிரிப்பு, தலைப்புகளுக்குள்ளேயே ஓடி அடங்கியது.

கேட் பூட்டியே கிடந்தது. சாவி மாயக்கண்ணன் கையில். தூணோரத்து வரிசையில் எல்லாச் செருப்புகளும் அப்படியே இருந்தன. அனிதா வெளியே போகவில்லை. உள்ளே போயிருக்கிறாள்.

“எங்குட்டு?” ஞானபூரணியின் குரல் முற்றத்தில் மோதியது. “ஒக்கூர் எங்குட்டு இருக்கு?”

எல்லார் கண்ணும் மானேஜர் மேல்.

“பெல்சி அங்க போயிட்டு வந்துதான் விழுந்தா. அனிதாவும் இப்ப அங்கதான் இருக்கா. சொல்லுங்கடி!”

தொடையைக் கிள்ளியவளே எழுந்தாள். மூன்றாம் கட்டுப் பக்கம் கையை நீட்டினாள். “பழைய அடுப்படி. பின்பக்கச் சந்து வழியா.”

ஞானபூரணி ஓடினாள். இருட்டான ரேழி, இடிந்த முற்றம், அதற்கப்பால் அடுப்படியின் பெரிய கதவு. கதவில் பளபளக்கும் புதுப் பூட்டு. கதவிடுக்குகளில் பசை தடவி ஒட்டிய காகிதம். அவள் நிற்காமல் சுவரைச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்தாள். பின்கதவின் அடிப்பலகை எப்போதோ பெயர்ந்து போயிருந்தது. அந்த ஓட்டையை மறைத்து ஒரு கோணிப்பை தொங்கியது.

கோணியை விலக்கியதும் முகத்தில் அடித்தது பூண்டு வாடை.

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தாள். பாத்திரம் கழுவும் மேடை, தண்ணீர் போகும் தூம்பு. அதனருகே அனிதா ஒருக்களித்துக் கிடந்தாள். ஞானபூரணி அவளுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் நகர்ந்தாள். இன்னும் ஒரு சாண். நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது.

சந்தில் ஒரே இரைச்சல். ஓடி வந்த பெண்களில் ஒருத்தி முத்துக்கண்ணனின் குறுக்கே கையை நீட்டி நின்றாள். “இங்குட்டு ஆம்பளைக வரக் கூடாது!”

“ஆம்பளையா வரலை தாயி, சுமைகூலியா வாரேன்!” என்று அவள் கைக்கடியில் புகுந்து வந்தான் அவன். ஓட்டையிலிருந்து வெளியே நீண்ட அனிதாவின் தோளைப் பற்றி ஒரே இழுப்பு. அவளுக்குப் பின்னால் ஞானபூரணி தவழ்ந்து வந்து விழுந்தாள்.

திறந்த முற்றத்தில் கிடத்தினார்கள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. யாரோ “மாதாவே” என்றார்கள். பிறகு அனிதா இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற கூட்டத்தில் முத்துக்கண்ணனைக் கண்டதும், அவசரமாகச் சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள்.

“பொழைச்சுக்கிருவா” என்றான் அவன்.

*

மாயக்கண்ணன் கொத்திலிருந்து சாவியைத் தேடியெடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவைத் திறந்துபோட்டு, காற்று புகுந்த பிறகு தூரத்திலிருந்தே பார்த்தார்கள். அடுப்படியின் மறுகோடியில் தார்ப்பாயால் மூடிய மூட்டைகள்.

“வண்டு விழுந்த மல்லி” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “நான் வாங்கின சரக்கு. வண்டுன்னு தெரிஞ்சா முதலாளி என்னை நிறுத்திருவாரு. அதான் வண்டு மாத்திரை வச்சு மூடினேன். அதுலேருந்து பூண்டு வாடையோட விஷப் புகை வரும். ஆள் போகக் கூடாதுன்னு போர்டு வைக்கணும். வச்சா அவருக்குத் தெரிஞ்சு போகும். பூட்டித்தானேம்மா வச்சேன்? பின்னால ஒரு வழி இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“நாங்க இந்த மூட்டையைப் பார்த்தோம்” என்றாள் ஒருத்தி. “வெறும் மல்லின்னுல்ல நினைச்சோம்.”

அவர் ஒளித்ததும் அவர்கள் ஒளித்ததும் ஒரே அறையில் இருந்திருக்கின்றன. அவருக்கு முன்கதவு மட்டும் தெரியும். அவர்களுக்குப் பின்கதவு மட்டும்.

“மூணு பேர் விழுந்தாக. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“எப்படிம்மா வரும்? ஒவ்வொருத்தி விழுந்தப்பவும் ஓடி வந்து பார்த்தேன். போட்ட பூட்டு போட்டபடி இருந்துச்சு.”

ஞானபூரணி அவரையே பார்த்தாள். மாயக்கண்ணனும் தான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் விபூதிக்கும் தோலுக்கும் நிறம் ஒன்றாகியது.

“சந்தேகம் வராத மனுஷன் எதுக்குப் பூட்டைப் போய்ப் பார்த்தீக?” என்றாள் அவள். “வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வந்துச்சு. பார்த்துட்டுப் போய்த்தான் போலீஸ்காரகளுக்குப் பானையைக் காட்டினீக.”

ஆபீஸ் அறை போனில் முதலில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, மாத்திரை டப்பாவில் அச்சிட்டிருந்த பெயரை டாக்டருக்கு எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டாள்.

*

மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேன் வந்து நின்றிருந்த நேரத்தில் ஸ்கூட்டர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. வேனில் ஏறியது, கம்பெனியிலிருந்து போலீஸ் பிடித்து வந்திருந்த மாயக்கண்ணன்தான். பெல்சி கண் திறந்து, அம்மாவைக் கேட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

“எல்லாஞ் சரி” என்றார் பெரியகருப்பன் கருப்பியிடம். “ஒக்கூர்னா இன்னதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

“யாருகிட்டய்யா சொல்றது? இங்க இருக்குறது பூராம் ஆம்பளைக.” கருப்பி சட்டை நுனியைத் திருகினாள். “வேலைக்குச் சேர்ந்த புதுசுல மானேஜரு முன்னால கேட்க வெக்கமா இருந்துச்சு. பொறந்த ஊருக்குப் போயிட்டு வாரேன்டின்னு பக்கத்துல இருந்தவகிட்டச் சொன்னேன். அதுவே எல்லாருக்கும் பேராப் போச்சு. நீங்க திடீர்னு ஒக்கூருக்கு யார் யாரைக் கூட்டிட்டுப் போனேன்னு கேட்டீகளா, சிரிப்பு வந்துருச்சு. அதுக்குள்ளதான் வினை இருக்குன்னு எனக்குத் தெரியுமா? சொன்னா அந்த இடத்தையும் பூட்டிருவாக. அப்புறம் அம்புட்டுப் பேரும் எங்குட்டுப் போறது?”

பெரியகருப்பன் தொண்டையைச் செருமினார். “சரி, போம்மா. பிள்ளை அழுகுது. இனி நீ எந்த ஒக்கூருக்கு வேணும்னாலும் போகலாம்.”

கருப்பி எழுந்தாள். ஆனால் நகரவில்லை.

“என்ன?”

“காலையிலேருந்து இங்கயே உட்கார வச்சுட்டீகய்யா.” அவள் ஞானபூரணியைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொன்னாள். “ஒக்கூருக்குப் போகணும்.”

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிளின் கண் பழக்கத்தில் ஜன்னல் வழியே காம்பவுண்டுச் சுவருக்குப் போய், வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. முத்துக்கண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

பெரியகருப்பன் மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் அறைக் குளியலறைச் சாவியை எடுத்துக் கருப்பியின் கையில் வைத்தார்.

“வரும்போது சாவியை என்கிட்டக் கொடு கருப்பி” என்றாள் ஞானபூரணி.

பிறகு அவள் ஸ்டேஷன் மூலையிலிருந்த பானைக்குப் போனாள். ஒரு டம்ளர் நிறைய மொண்டு, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.